ரெஸ்யூமேயை முதலில் படிப்பது யார்?

வேலைக்கு விண்ணப்பிக்கும் பலருக்கு இன்று ‘உங்களைத் தேர்வு செய்யவில்லை’ என்ற ஒரு வரிகூட வருவதில்லை. இதைத் தகுதிக் குறைவு என்று எண்ணிச் சோர்ந்துபோகிறவர்கள் அதிகம். உண்மையில் கூட்டம்தான் பெரிய காரணம். லிங்க்ட்இன் தளத்தில் நிமிடத்துக்குச் சராசரியாக 11,000 விண்ணப்பங்கள் வருவதாக 2025-ல் செய்தி வெளியானது. சாட்ஜிபிடி போன்ற கருவிகள் வந்தபின், ஒரே இரவில் ஐம்பது கம்பெனிகளுக்கு ஐம்பது விதமாக ரெஸ்யூமே எழுதி அனுப்பிவிடலாம். வந்து குவியும் அத்தனையையும் எச்.ஆர். பிரிவில் இருக்கும் இரண்டு மூன்று பேரால் படிக்க முடியாது. அதனால் முதல் வாசிப்பை மென்பொருளிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

இந்தச் சூழலில்தான் ‘பர்சனல் பிராண்டை வளர்த்துக்கொள்ளுங்கள்’ என்ற அறிவுரை எல்லாப் பக்கமும் கேட்கிறது. அறிவுரை பழையதுதான். ஒவ்வொருவரும் தன்னையே ஒரு பிராண்டாக எண்ணி நடத்திக்கொள்ள வேண்டும் என்று நிர்வாகவியல் எழுத்தாளர் டாம் பீட்டர்ஸ் 1997-ல் ஃபாஸ்ட் கம்பெனி பத்திரிகையில் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்தப் பேச்சு பரவலானது. அப்போது தன்னைப் பற்றி அழகாக எழுதத் தெரிந்தவர்கள் குறைவு, அதனால் அந்தத் திறமைக்கு மதிப்பு இருந்தது. இன்று அழகான வாக்கியம் யாருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. செய்து முடித்த, சரிபார்க்கக்கூடிய வேலைதான் அப்படிக் கிடைப்பதில்லை. இன்றைக்கு இணையத்தில் பெயர் எடுப்பது என்றால், நீங்கள் செய்த வேலையை இன்னொருவர் தேடிக் கண்டுபிடித்துச் சரிபார்க்கும்படி வைப்பது என்றே நான் புரிந்துகொள்கிறேன். தினமும் போஸ்ட் போடுவதற்கும் பின்தொடர்வோர் எண்ணிக்கைக்கும் இதில் பெரிய பங்கு இல்லை.

மென்பொருள் என்ன செய்கிறது?

விண்ணப்பங்களைக் கையாளும் மென்பொருளை ஏ.டி.எஸ். என்பார்கள். நீங்கள் ஏற்றும் பி.டி.எஃப். கோப்பிலிருந்து அது முதலில் எழுத்துகளை மட்டும் உருவி எடுக்கும். பெயர், போன், கம்பெனி, சேர்ந்த மாதம், விட்ட மாதம், தெரிந்த வேலைகள் என்று பிரித்துக் கட்டங்களில் போடும். தகராறு பெரும்பாலும் இங்கேயே தொடங்கிவிடுகிறது. இரண்டு பத்தியாகப் பிரித்த வடிவமைப்பு, அட்டவணை, படமாக ஒட்டிய எழுத்து, பக்கத்தின் தலைப்பட்டையில் வைத்த போன் நம்பர் ஆகியவற்றைச் சில மென்பொருள்கள் தாறுமாறாகப் படிக்கும், அல்லது விட்டுவிடும். சோதிக்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் பி.டி.எஃப்-ஐத் திறந்து முழுவதையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிசை குலைந்து வந்தால் மென்பொருளுக்கும் ஏறக்குறைய அப்படித்தான் தெரியும். தமிழ் ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், பத்திரிகை வேலைகளுக்குத் தமிழில் ரெஸ்யூமே தயாரிப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த தமிழ், காப்பி செய்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். யூனிகோடில் அடித்தால் இந்தச் சிக்கல் இல்லை.

உருவி எடுத்தபின் வருவது வரிசைப்படுத்தல். சில நிறுவனங்களில் எச்.ஆர். நேரடியாகச் சொற்களைப் போட்டுத் தேடுவார். புதிய மென்பொருள்கள் வேலைக் குறிப்பையும் ரெஸ்யூமேயையும் பொருள் அளவில் ஒப்பிட்டு மதிப்பெண் போடும். ‘நான்கில் மூன்று ரெஸ்யூமேயை ஏ.டி.எஸ். குப்பையில் போடுகிறது’ என்று பலரும் சொல்வதற்கு உருப்படியான ஆதாரம் எதுவும் இல்லை. ரெஸ்யூமே எங்கும் போய்விடுவதில்லை. பட்டியலில் முன்னூறாவது இடத்தில் கிடக்கும், யாரும் அதுவரை வரமாட்டார்கள். தானாக நிராகரிப்பது பெரும்பாலும் படிவத்தின் முடிவில் கேட்கும் கேள்விகள்தான். நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள், எதிர்பார்க்கும் சி.டி.சி. (ஆண்டுச் சம்பளம்) எவ்வளவு, வேறு ஊருக்கு வரச் சம்மதமா என்பவற்றை அவசரத்தில் தட்டிவிட்டுப் போகிறோம். நௌக்ரி போன்ற தளங்களில் வேலைக்கு ஆள் தேடுபவர்கள் அனுபவம், சம்பளம், நோட்டீஸ் பீரியட், கடைசியாக எப்போது தளத்துக்கு வந்தார் என்பவற்றை வைத்து வடிகட்டித்தான் பட்டியலைப் பார்க்கிறார்கள். ஆறு மாதம் திறக்காத புரொஃபைல், எவ்வளவு நல்லதானாலும், அவர்கள் கண்ணில் படாமலே போகலாம்.

இந்த வடிகட்டல் நல்லவர்களையும் தள்ளிவிடுகிறது என்பது நிறுவனங்களுக்கே தெரியும். ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலும் ஆக்சென்சரும் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி நிறுவனங்களிடம் நடத்திய ஆய்வு 2021-ல் வெளிவந்தது. தகுதியுள்ள, திறன் மிக்க விண்ணப்பதாரர்கள்கூட வேலைக் குறிப்போடு அச்சு அசலாகப் பொருந்தாததால் மென்பொருளால் தள்ளப்படுகிறார்கள் என்று அதில் 88 சதவீத நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. ஆறு மாதத்துக்கு மேல் வேலையில் இடைவெளி இருந்தால் விலக்கிவிடும்படி ஏறக்குறைய பாதி நிறுவனங்கள் அமைத்து வைத்திருந்தன. மகப்பேறு, பெற்றோரின் நோய், குடும்பத்தோடு ஊர் மாறியது என்று நம் பெண்கள் வேலையை விடும் காரணங்கள் எதுவும் இப்படிப்பட்ட வடிகட்டிக்குத் தெரியாது. இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அமேசானில் நடந்தது இன்னும் நேரடியான பாடம். ரெஸ்யூமேக்களுக்குத் தானாக மதிப்பெண் போடும் ஒரு கருவியை 2014 முதல் அங்கே உருவாக்கினார்கள். முந்தைய பத்து ஆண்டுகளில் வந்த ரெஸ்யூமேக்களைப் படித்து அது கற்றது. அவற்றில் பெரும்பாலானவை ஆண்கள் அனுப்பியவை. ஆகவே ஆண்களே பொருத்தமானவர்கள் என்று அது முடிவு கட்டிக்கொண்டு, ‘பெண்கள் செஸ் கிளப் தலைவர்’ என்பது போன்ற வரி இருந்தால் மதிப்பெண்ணைக் குறைத்தது. திருத்திப் பார்த்தும் நம்பிக்கை வராமல் கைவிட்டதை 2018 அக்டோபரில் ராய்ட்டர்ஸ் வெளிக்கொண்டு வந்தது. யாரும் வேண்டுமென்று கெடுதல் செய்யவில்லை. பழைய பழக்கத்தை மென்பொருள் அப்படியே விதியாக்கிக்கொண்டது. மதிப்பெண் குறைந்தால் ‘நமக்குத் தகுதி இல்லை’ என்று உடனே நினைத்துவிட வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

திருப்பூரில் ஒரு மெர்ச்சன்டைசர்

பர்சனல் பிராண்ட் என்றால் சாஃப்ட்வேர்காரர்களுக்கு மட்டும் என்ற எண்ணம் இருக்கிறது. கிட்ஹப்பில் நிரலை ஏற்றி வைத்தால் யாரும் திறந்து பார்க்கலாம் என்பதால் அவர்களுக்கு வசதி அதிகம், உண்மைதான். அதனால் வேறொரு வேலையை எடுத்துக்கொள்வோம். திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதிக் கம்பெனியில் ஆறு வருடமாக மெர்ச்சன்டைசராக இருக்கும் ஒருவர், அடுத்த வேலை தேடுகிறார் என்று வையுங்கள்.

அவருடைய புரொஃபைலின் முதல் வரி இப்படி இருக்கிறது: ‘முடிவுகளை நோக்கி உழைக்கும், தரத்தில் சமரசம் செய்யாத, ஆர்வமிக்க மெர்ச்சன்டைசிங் நிபுணர்.’ இந்த வரியை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ஏஐ கருவியிடம் கேட்டால் இதே போல் பத்து தரும். மென்பொருள் பிடித்துக்கொள்ள இதில் ‘மெர்ச்சன்டைசிங்’ தவிர ஒரு சொல்லும் இல்லை, மனிதர் நம்புவதற்கும் எதுவும் இல்லை.

அதையே இப்படி எழுதலாம்: ‘குழந்தைகள் பின்னலாடை மெர்ச்சன்டைசர், 6 வருடம். ஐரோப்பிய பையர்கள் இருவரின் ஆர்டர்களை சாம்பிள் அப்ரூவல் முதல் ஷிப்மென்ட் வரை பார்க்கிறேன். மாதம் சுமார் 40,000 பீஸ். ஜி.எஸ்.எம்., ஷேட், மெஷர்மென்ட் சோதனை. ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் ஏ.க்யூ.எல். 2.5.’ இதில் வேலைக் குறிப்பில் வரும் சொற்கள் தாமாகவே வந்துவிட்டன, மென்பொருள் பிடித்துக்கொள்ளும். படிக்கும் மனிதருக்கு வேலையின் அளவும் தெரிகிறது. எண்கள் உண்மையாக இருக்க வேண்டும். 40,000 என்றால் இன்டர்வியூவில் எத்தனை ஸ்டைல், எத்தனை லைன் என்று கேட்பார்கள். கூட்டி எழுதியவர் அங்கே மாட்டிக்கொள்வார்.

அடுத்தது, அவர் எழுதக்கூடிய ஒரு பதிவு. எத்தனை பீஸைச் சோதிப்பது, எத்தனை குறை வரை ஏற்பது என்று சொல்லும் ஏ.க்யூ.எல். அட்டவணை இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. 3,000 டி-ஷர்ட் உள்ள லாட்டில், 2.5 அளவுகோலில், வழக்கமான இரண்டாம் நிலைச் சோதனைக்கு 125 பீஸ் எடுக்க வேண்டும். குறையுள்ள பீஸ் ஏழு வரை இருந்தால் பாஸ், எட்டு வந்தால் ஃபெயில். இவ்வளவும் அட்டவணையில் இருக்கிறது, ஏஐ-யும் சொல்லிவிடும். ஆனால் அந்த 125-ஐ எந்தக் கார்ட்டனிலிருந்து எடுப்பது? 30 பீஸ் வீதம் 100 கார்ட்டன் என்றால், பத்து கார்ட்டனாவது திறப்பது இன்ஸ்பெக்‌ஷன்காரர்களின் வழக்கம். அந்தப் பத்தும் முன்வரிசையில் கைக்கெட்டும் கார்ட்டன்களாக இருந்துவிட்டால், அவை எல்லாம் ஒரே டை லாட்டாக, அதாவது ஒரே தடவையில் சாயமேற்றியவையாக, இருக்கலாம். பின்னால் அடுக்கியிருக்கும் வேறு லாட்டின் ஷேட் வித்தியாசம் அங்கே தெரியாமல் போகும், பையரின் கிடங்கில்தான் தெரியும். அதனால் பேக்கிங் லிஸ்டில் டை லாட் எண்ணையும் சேர்த்துக் குறித்து, ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஒரு கார்ட்டனாவது வரும்படி எடுக்கிறேன் என்று அவர் பத்து வரியில் எழுதி, அந்த லிஸ்டின் வெற்றுப் படிவத்தையும் சேர்த்துப் போடுகிறார்.

இது வைரல் ஆகாது. நாற்பது பேர் பார்ப்பார்கள். ஆனால் அந்த நாற்பதில் ஒரு ஃபேக்டரி மேனேஜர் இருந்தால், இவர் தொழிற்சாலைத் தளத்தில் நின்று வேலை பார்த்தவர் என்பது படித்த உடனே அவருக்குத் தெரிந்துவிடும். பிற்பாடு இன்டர்வியூவில் அதைத் தொட்டு இரண்டாவது, மூன்றாவது கேள்வி கேட்டாலும் செய்தவரால் பதில் சொல்ல முடியும். மாதத்துக்கு இப்படி ஒன்று போதும். தினமும் எழுந்து ‘விடாமுயற்சியே வெற்றி’ என்று எழுதுவதைவிட இது எத்தனையோ மேல்.

எழுத ஏஐ-யின் உதவியை வாங்கலாமா என்று கேட்பார்கள். ஆங்கிலத்தைத் திருத்த வாங்குங்கள், அதில் தவறே இல்லை. ஆங்கிலம் சரளமாக வராததால் இத்தனை காலம் பின்வரிசையில் நின்றவர்களுக்கு இது பெரிய உதவி. விஷயம் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தில் ‘இவரைத் தேர்வு செய்’ என்று மறைத்து வைக்கும் தந்திரத்தைத் தொடவே வேண்டாம். எழுத்தை உருவி எடுக்கும்போது அது அப்படியே வெளியே தெரியும், அதன் பிறகு உங்கள் உண்மையான தகுதியையும் யாரும் நம்பமாட்டார்கள்.

வேலையில் இடைவெளி இருந்தால் மறைக்காதீர்கள். லிங்க்ட்இன் 2022 முதல் ‘கேரியர் பிரேக்’ என்று தனியாகவே குறிக்க வசதி தந்திருக்கிறது. ‘2021–2024: குழந்தை வளர்ப்பு. இதே காலத்தில் உறவினரின் கடைக்கு டேலியில் கணக்கு எழுதி, ஜி.எஸ்.டி.ஆர்.-1, 3பி ரிட்டர்ன்களை மாதாமாதம் தாக்கல் செய்தேன்’ என்று ஒரு பெண் எழுதினால், காலியாகக் கிடந்த மூன்று வருடம் வேலை அனுபவமாகிறது. சம்பளம் வாங்காததால் அது வேலை இல்லை என்று விட்டுவிடுகிறவர்கள் நம் வீடுகளில் அதிகம்.

ஒரே ஆள், நான்கு பெயர்

தமிழர்களுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எஸ். கயல்விழி, பாஸ்போர்ட்டில் கயல்விழி செல்வராஜ், லிங்க்ட்இன்னில் கயல் எஸ்., கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் கணவர் பெயரோடு இன்னொன்று. போதாததற்கு ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ழ’-வுக்கு ஒரு இடத்தில் இசட்-எச், இன்னொரு இடத்தில் எல். மனிதருக்கு எல்லாம் ஒரே ஆள். மென்பொருளுக்கு நான்கு பேர். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருப்பவர்களுக்கு அமெரிக்க விசாவில் முதற்பெயர் கட்டத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று அச்சாகி, அதுவே அங்கே பெயராக ஒட்டிக்கொண்டு படும் பாடு, போய் வந்தவர்களுக்குத் தெரியும்.

ஆகவே முதல் வேலையாக ஒரே எழுத்துக்கூட்டலைத் தேர்ந்தெடுங்கள். முடிந்தால் பாஸ்போர்ட்டில் உள்ளதையே வைத்துக்கொண்டு, ரெஸ்யூமே, மெயில் முகவரி, லிங்க்ட்இன், நௌக்ரி, கிட்ஹப் எல்லாவற்றிலும் அதையே போடுங்கள். கம்பெனிப் பெயரும் சேர்ந்த மாதமும்கூட எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும். இதற்கு இப்போது அவசியம் கூடியிருக்கிறது. 2024-ல் நோபிஃபோர் என்ற அமெரிக்க சைபர் பாதுகாப்பு நிறுவனமே, ஏஐ-யால் மெருகேற்றிய படத்தையும் திருடிய அடையாளத்தையும் வைத்து வந்த வடகொரிய ஆள் ஒருவரை அறியாமல் வேலைக்கு எடுத்துவிட்டதைத் தானே வெளியிட்டது. அது முதல் நிறுவனங்கள் உண்மையான ஆளா என்று தோண்டிப் பார்க்கின்றன. பல வருடமாக ஒரே பெயரில் ஒரே துறையில் இணையத்தில் தடம் உள்ளவருக்கு அந்தச் சோதனை சுலபமாக முடிகிறது.

ரெஸ்யூமேயை மட்டுமல்ல, வீடியோ இன்டர்வியூவையும் மென்பொருள் மதிப்பிடுவதுண்டு. அதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முகபாவத்தை வைத்துக் குணத்தைக் கணிப்பதாகச் சொன்ன ஒரு ஜெர்மன் கருவியை பவேரியா ஒலிபரப்பு நிறுவனத்தின் செய்தியாளர்கள் 2021-ல் சோதித்தார்கள். பின்னால் புத்தக அலமாரி இருந்தாலோ, கண்ணாடி அணிந்தாலோ மதிப்பெண் மாறியது. வீடியோ இன்டர்வியூ மென்பொருள் விற்கும் ஹயர்வியூ நிறுவனம் முகத்தை ஆராய்வதைக் கைவிட்டுவிட்டதாக அதே ஆண்டு அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் வேலையிடத்தில் உணர்ச்சியைக் கணிக்கும் ஏஐ-யை, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் நீங்கலாக, 2025 பிப்ரவரியிலிருந்து தடை செய்துவிட்டது. இப்படிப்பட்ட மதிப்பெண்களை உங்களைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முகத்தில் வெளிச்சம் விழட்டும், மைக் தெளிவாக இருக்கட்டும், அது போதும்.

மென்பொருளைத் தாண்டிப் போகும் வழி இன்றும் மனிதர்கள்தான். நெருங்கிய நண்பர்களைவிட எப்போதாவது பேசும் அறிமுகங்கள் வழியாகவே வேலை அதிகம் கிடைக்கிறது என்று சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் எழுதினார். லிங்க்ட்இன்னில் சுமார் இரண்டு கோடிப் பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2022-ல் சயன்ஸ் இதழில் வந்தபோது, அது பெருமளவு சரி என்று தெரிந்தது. நம் நண்பர்களுக்குத் தெரிந்த வேலைகள் பெரும்பாலும் நமக்கும் தெரிந்தவை. பழைய கம்பெனியில் பக்கத்து செக்‌ஷனில் இருந்த அண்ணன், கல்லூரி சீனியர், ஒருமுறை ஆடிட்டுக்கு வந்தவர் ஆகியோருக்குத்தான் வேறு இடத்துச் செய்தி தெரியும். ‘வேலை இருந்தால் சொல்லுங்கள் சார்’ என்று மொட்டையாக அனுப்பினால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. ‘இந்த கம்பெனியில் இந்த வேலை வந்திருக்கிறது சார், நான் செய்த வேலை இதில் இருக்கிறது, பொருத்தமா என்று ஒருமுறை பார்ப்பீர்களா?’ என்று இணைப்போடு கேளுங்கள். அவர் அதை அப்படியே இன்னொருவருக்குத் தள்ளிவிட முடியும். உங்கள் இணையப் பக்கம் நிஜமாகவே வேலைக்கு உதவுவது இந்த இடத்தில்தான்.

எதை வெளியே வைக்கக் கூடாது?

பையரின் பெயர், விலை, டெக் பேக் (ஆடையின் அளவு, துணி, தையல் விவரக் குறிப்பு), இன்னும் கடைக்கு வராத டிசைன் ஆகியவை உங்களுடையவை அல்ல. கம்பெனியின் அனுமதி இல்லாமல் அவற்றைப் போட்டால் இருக்கிற வேலையும் போகும். வெற்றுப் படிவம், நீங்கள் கற்ற முறை, யோசித்த விதம் ஆகியவற்றைத் தாராளமாகப் போடலாம்.

பழைய பயோ-டேட்டா பழக்கத்தில் அப்பா பெயர், மதம், திருமண நிலை, பிறந்த தேதி, முழு வீட்டு முகவரி எல்லாம் நம் ரெஸ்யூமேயில் இன்னும் வருகின்றன. வேலைக்கு அவை தேவையில்லை, எடுத்துவிடுங்கள். ஆதார் எண்ணை இணையத்தில் எங்கும் வைக்காதீர்கள். 2023-ல் இயற்றப்பட்ட இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தானே பொதுவெளியில் வெளியிட்ட தகவல்களுக்குப் பொருந்தாது. நீங்கள் எல்லோரும் பார்க்கும்படி வைத்ததை யார் அள்ளிக்கொண்டு போனாலும் அந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது.

பெயர் வெளியே தெரிந்ததும் மோசடிக்காரர்களும் வருவார்கள். 2022-ல் தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போன தமிழக இளைஞர்கள் மியான்மர் எல்லைக்குள் கடத்தப்பட்டு, இணைய மோசடி முகாம்களில் அடைத்து வைக்கப்பட்டார்கள். அவர்களில் பலர் படித்தவர்கள், கணினி தெரிந்தவர்கள். இன்டர்வியூ இல்லாமல் ஆஃபர் வந்தாலோ, ட்ரெய்னிங், லேப்டாப், விசா என்று முன்பணம் கேட்டாலோ, கம்பெனி மெயிலுக்குப் பதில் ஜிமெயிலிலும் டெலிகிராமிலும் மட்டுமே பேசினாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். வெளிநாட்டு வேலை என்றால், ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். கம்பெனியின் இணையதளத்தில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே போன் செய்து, இப்படி ஒரு வேலை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பிறகு பாஸ்போர்ட் நகலை அனுப்புங்கள்.